சட்டம் – வாசகர் கேள்வி பதில்: இணையம் வழியே சொலிசிட்டரை அமர்த்தும்போது

இணையத்தில் நடத்தும் தொழிலுக்கோ படைப்புக்கோ சட்டச் சிக்கல் வரும்போது, அதற்கான சொலிசிட்டரையும் (உரிமம் பெற்ற வழக்கறிஞரையும்) இணையத்திலேயே தேடி, நேரில் பாராமலே அமர்த்தலாமா என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அமர்த்தலாம். பதிப்புரிமை, வணிக முத்திரை போன்ற அறிவுசார் சொத்துரிமையில் தேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இவ்வகை விவகாரங்களில் சான்றுகளும் பெரும்பாலும் கோப்புகளாகவும் மின்னஞ்சல்களாகவுமே இருப்பதால், எதிரில் அமர்ந்து பேசாததால் பெரிதாக எதையும் இழந்துவிடப் போவதில்லை. ஆனால் யாரை அமர்த்துகிறோம், எந்த வேலைக்காக அமர்த்துகிறோம் என்ற இரண்டும் பணம் கைமாறுவதற்கு முன்பே எழுத்தில் தெளிவாகிவிட வேண்டும். இப்பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தைத் தழுவியவை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்ட அமைப்புகள் உள்ளன.

துணிகளில் அச்சிடுவதற்கான ஓவிய வடிவங்களை வரைந்து இணையத்தில் விற்றுவருகிறேன். வேறொரு விற்பனையாளர் என் வடிவங்களை அப்படியே எடுத்துத் தம் பக்கத்தில் விற்கிறார். ‘பதிப்புரிமை லாயர்கள்’ என்று விளம்பரம் செய்யும் தளம் ஒன்று, குறைந்த கட்டணத்தில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பித் தருவதாகச் சொல்கிறது. தளத்தில் முகவரி எதுவும் இல்லை. பணம் கட்டலாமா? – வாசகி, ஹாரோ

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்தத் தளத்தை நடத்துபவர் யார் என்பதை முதலில் கண்டறியுங்கள். இந்நாட்டில் ‘சொலிசிட்டர்’ என்ற பட்டத்துக்கு 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தகுதியில்லாத ஒருவர் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்வது குற்றம். ‘லாயர்’, ‘சட்ட ஆலோசகர்’ போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலும், 2007ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் சட்டம், நீதிமன்ற வழக்கை நடத்துவது போன்ற சில பணிகளை மட்டுமே உரிமம் பெற்றவர்களுக்கென ஒதுக்கியுள்ளது. ஆலோசனை சொல்வதும் எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதும் அவற்றில் சேரா. ஆகவே எவரும் ஒரு தளத்தைத் தொடங்கி, பணம் பெற்றுக்கொண்டு, உங்கள் சார்பில் கடிதம் அனுப்பலாம்; அது சட்டவிரோதம் அன்று. எதிராளி கடிதத்துக்கு மசியாமல் விவகாரம் நீதிமன்றத்தை எட்டும்போதுதான், அவர்களால் மேற்கொண்டு ஓரடியும் எடுத்துவைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியவரும். அவர்கள் தவறு செய்தால் இழப்பை ஈடுசெய்யக் கட்டாயக் காப்பீடு இருக்காது; சட்டச் சேவை குறித்த புகார்களை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடவும் பொதுவாக வழியிருக்காது. சட்ட ஆலோசனை கேட்டு சொலிசிட்டருக்கு நீங்கள் எழுதுவதைப் பின்னாளில் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டச் சொல்ல முடியாது என்றொரு பாதுகாப்பு உண்டு. தகுதியற்ற ஆலோசகருக்கு நீங்கள் எழுதியவற்றுக்கு அது கிடைக்காது. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மனம்விட்டு எழுதிய ஒரு மின்னஞ்சலே பிறகு உங்களுக்கு எதிரான சான்றாகிவிடலாம்.

சரிபார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். எஸ்.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையம் தன் கட்டுப்பாட்டிலுள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு சொலிசிட்டருக்கும் ஓர் எண் வழங்குகிறது. நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணும், சொடுக்கினால் ஆணையத்தின் சான்றுப் பக்கத்தைத் திறந்து காட்டும் டிஜிட்டல் முத்திரையும் இருக்க வேண்டும். 2019 நவம்பர் முதல் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையின் படம் மட்டும் இருந்து, சொடுக்கும்போது எதுவும் திறக்கவில்லையென்றால் அத்தளத்தை விட்டு விலகிவிடுங்கள். திறந்தாலும் அதோடு நின்றுவிடாமல், ஆணையத்தின் பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் நீங்களே தேடிப் பாருங்கள். உண்மையான நிறுவனங்களின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளங்கள் அமைப்போர் உண்டு. ஆணையம் அவற்றைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கைகள் வெளியிட்டுவருகிறது. எனவே மின்னஞ்சலில் வந்த தொலைபேசி எண்ணை விடுத்து, பதிவேட்டின் வழியே கிடைக்கும் எண்ணை அழைத்து, உங்களுக்கு எழுதியவர் அங்கு பணிபுரிகிறாரா, அந்த மின்னஞ்சல் அவருடையதுதானா என்று கேளுங்கள். பிறகொரு நாள் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தாலும் இதே எண்ணை அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புங்கள்.

உங்கள் விவகாரத்துக்கு வருவோம். பதிப்புரிமை படைத்த கணத்திலேயே தானாக உண்டாகிறது; அதற்கென அரசுப் பதிவேடு எதுவும் ஐக்கிய இராச்சியத்தில் இல்லை. உங்கள் வடிவங்களுக்கு ‘அதிகாரபூர்வப் பதிப்புரிமைப் பதிவு’ செய்து தருவதாக எந்தத் தளமாவது பணம் கேட்டால், அந்த ஒரு காரணமே அதைத் தவிர்ப்பதற்குப் போதும். நீங்கள் வரைந்த மூலக் கோப்புகள், அவற்றின் தேதிகள், இடைநிலை வரைவுகள், முதல் விற்பனைக்கான ரசீது ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். எதிராளியின் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எச்சரிக்கை போன பின் அப்பக்கம் மறைந்துவிடலாம். பெரிய விற்பனைத் தளங்கள் ஒவ்வொன்றிலும் பதிப்புரிமை மீறலை அறிவிப்பதற்கான படிவம் இருக்கிறது. உரிமை தெளிவாக உங்களுடையது என்றால், சொலிசிட்டரை நாடுவதற்கு முன்பே அதை நீங்களே நிரப்பலாம். பல வேளைகளில் விவகாரம் அதோடு முடிந்துவிடும். எதிராளி மறுத்துப் பதில் அனுப்பினாலோ, அவர் ஈட்டிய வருவாயில் இழப்பீடு கேட்க நினைத்தாலோ அப்போது சொலிசிட்டர் தேவை.

வீடு வாங்கியபோது எங்களுக்குப் பணிசெய்த தமிழ்ச் சொலிசிட்டர் எங்கள் குடும்பத்துக்கு நெருங்கியவர். அவரை விட்டு முகமறியாத ஒருவரிடம் போக மனம் ஒப்பவில்லை. – வாசகர், ஈஸ்ட் ஹாம்

முதலில் அவரிடமே கேளுங்கள். ‘இதே வகை விவகாரங்களை அண்மைக் காலத்தில் நீங்களே நடத்தியிருக்கிறீர்களா?’ என்ற கேள்வியில் எந்த அவமரியாதையும் இல்லை. தமக்குத் திறமையில்லாத துறையில் பணி ஏற்கக் கூடாது என்பது சொலிசிட்டர்களின் ஒழுக்க விதி. நேர்மையான ஒருவர் பொருத்தமான வேறொருவரைச் சுட்டிக்காட்டுவார். சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் தேடுதளத்தில் சட்டத்துறையைக் கொண்டு மட்டுமல்லாமல், பேசும் மொழியைக் கொண்டும் தேடலாம். தமிழும் அறிவுசார் சொத்துரிமையும் ஒருவரிடமே அமையாவிட்டால், துறையறிவுக்கே முதலிடம் கொடுங்கள். மொழிக்கு வீட்டிலுள்ள பிள்ளைகளோ மொழிபெயர்ப்பாளரோ உடனிருக்கலாம். வணிக முத்திரையைப் பதிவு செய்ய மட்டும் உதவி வேண்டுவோர், ஐ.பி.ரெக் என்ற அமைப்பின் பதிவேட்டிலுள்ள டிரேட்மார்க் அட்டர்னி ஒருவரையும் நாடலாம். அவர்களும் முறையாக ஒழுங்குபடுத்தப்பட்டவர்களே.

எங்கள் டியூஷன் நிறுவனத்துக்கு இணையதளம் அமைத்தவர் டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) தம் பெயரிலேயே பதிந்துவைத்திருக்கிறார். பேசிய தொகை முழுவதையும் கட்டிவிட்டோம். இப்போது மேலும் பணம் கேட்கிறார். தராவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவாராம். தளத்தின் நிரலும் (கோடு) தம்முடையது என்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. – வாசகர், லெஸ்டர்

இதில் இரண்டு உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் சொலிசிட்டரிடம் என்ன கேட்பது என்பது தெளிவாகும்.

நிரலைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமை, வடிவமைப்புகள், காப்புரிமைகள் சட்டப்படி, ஊழியர் ஒருவர் பணியின் பகுதியாகப் படைப்பது முதலாளிக்குச் சொந்தம். ஆனால் ஒப்பந்த அடிப்படையில் வெளியாள் படைப்பதற்கு அவரே உரிமையாளர். அவர் கையொப்பமிட்ட எழுத்து ஆவணத்தால் மட்டுமே அந்த உரிமை முழுமையாக உங்களுக்கு மாறும். முழுத் தொகையும் கட்டிவிட்டதால் உரிமையும் வந்துவிட்டது என்று நம் மக்களில் மிகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. அதே வேளையில், எந்த நோக்கத்துக்காகப் பணம் கொடுத்தீர்களோ அந்த நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி உங்களுக்கு உண்டு என்று நீதிமன்றங்கள் வழக்கமாக ஊகித்துக்கொள்ளும். ஆகவே தளத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அவர் தடுப்பது எளிதன்று.

டொமைன் பெயரில் உங்கள் நிலை வலுவானது. ‘டாட் யூகே’ என்று முடியும் பெயர்களை நிர்வகிக்கும் நோமினெட், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருப்பதையும், அது அவர் கையில் முறைகேடான பதிவாக இருப்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். இரு தரப்பினருக்கும் இடையிலிருந்த உறவின் காரணமாகப் பெயர் பதிவாகி, முறையிடுபவரே அதைத் தனியாகப் பயன்படுத்தி, பதிவுக்கோ புதுப்பித்தலுக்கோ பணமும் கட்டியிருந்தால், அது முறைகேட்டுக்கான அடையாளங்களில் ஒன்று என்று நோமினெட்டின் விதிகளே சொல்கின்றன. பதிவுக் கட்டணமும் உங்கள் கணக்கிலிருந்தே சென்றிருந்தால் உங்கள் நிலைமையும் அதுதான். அவர் பதில் தாக்கல் செய்தால் முதலில் கட்டணமின்றிச் சமரசப் பேச்சு நடக்கும். அது பலிக்காவிட்டால் கட்டணம் செலுத்தி வல்லுநர் ஒருவரின் முடிவைப் பெறலாம். ‘டாட் காம்’ பெயராயின், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் வேறொரு நடைமுறை உண்டு. அங்கு, பெயரைப் பதிந்த நேரத்திலேயே தீய நோக்கம் இருந்ததையும் காட்ட வேண்டியிருப்பதால் பாதை சற்றுக் கடினம்.

இனி, சொலிசிட்டருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல். நீளமான வரலாற்றையும் நூற்றுக்கணக்கான வாட்ஸ்அப் செய்திகளையும் அனுப்பினால், அவற்றைப் படிக்கும் நேரத்துக்கே கட்டணம் ஏறும். எதிர்த்தரப்பின் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்நிறுவனம் ஏற்கெனவே அவருக்காகப் பணிசெய்கிறதா என்று பார்த்த பின்னரே உங்களை ஏற்க முடியும் என்பதால், அது தெளிவாகும்வரை ரகசியமான எதையும் அனுப்ப வேண்டாம். தெளிவான பின் ஒரு பக்கத்துக்குள் இப்படி எழுதினால் போதும்: ‘சென்ற ஆண்டு மார்ச் மாதம் இவரிடம் தளம் அமைக்கும் பணியை ஒப்படைத்தோம். மே மாதத்துக்குள் முழுத் தொகையும் செலுத்தினோம். ரசீதுகள் இணைப்பு ஒன்றில். டொமைன் பதிவுக் கட்டணம் எங்கள் கணக்கிலிருந்து சென்றதற்கான வங்கி அறிக்கை இணைப்பு இரண்டில். அவர் மேலும் பணம் கேட்ட மின்னஞ்சல் இணைப்பு மூன்றில். டொமைன் வரும் ஜூனில் காலாவதியாகிறது. எங்களுக்கு வேண்டியவை இரண்டு: டொமைன் எங்கள் பெயருக்கு மாற வேண்டும், நிரலின் பதிப்புரிமை கையொப்பமிட்ட ஆவணத்தின் மூலம் எங்களுக்கு வர வேண்டும். இழப்பீடு கேட்க எண்ணமில்லை.’ காலாவதித் தேதியையும், வேண்டாததையும்கூட எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இப்படி எழுதினால், எவ்வளவு வேலை என்று சொலிசிட்டரால் கணக்கிட முடியும். நிலையான கட்டணமும் சொல்ல முடியும்.

நாங்கள் விற்கும் பொருளின் பெயர் தங்கள் வணிக முத்திரையை மீறுவதாகப் பெரிய நிறுவனமொன்றின் சொலிசிட்டர்கள் கடிதம் அனுப்பி, உறுதிமொழிப் பத்திரத்தில் ஏழு நாளுக்குள் கையொப்பமிடச் சொல்கிறார்கள். நானே பதில் எழுதிவிடலாமா? – வாசகி, டூட்டிங்

கடிதம் கிடைத்ததையும், ஆலோசனை பெற்றுக்கொண்டிருப்பதையும், பதிலளிக்க மேலும் 14 நாள்கள் தேவைப்படுவதையும் தெரிவித்து, எதையும் ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு மேல் நீங்களாக எழுத வேண்டாம். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், பயந்துபோய்க் கையொப்பமிடுவதும் ஒருபோல ஆபத்தானவை. அந்த உறுதிமொழி ஓர் ஒப்பந்தம்; தடுக்க அவர்களுக்கு உரிமையே இல்லாத சில செயல்களைக்கூட நீங்கள் கைவிடுவதாக அதில் எழுதப்பட்டிருக்கலாம். கடிதம் அனுப்பியவர்கள் உண்மையான சொலிசிட்டர்கள்தாமா என்பதையும் முதல் பதிலில் சொன்னவாறு சரிபாருங்கள். முத்திரை உண்மையில் பதிவாகியுள்ளதா, எந்த வகைப் பொருள்களுக்கு என்பதை அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவர்களுடைய பதிவு உணவுப் பொருள்களுக்கும், உங்கள் விற்பனை ஆடைகளுக்கும் என்றால் நிலைமை முற்றிலும் வேறாகலாம்.

வணிக முத்திரை விவகாரத்தில் ஆதாரமில்லாமல் மிரட்டுவதே வழக்குக்கு இடமளிக்கும். 2017ஆம் ஆண்டின் சட்டம் அந்த விதிகளைச் சீர்ப்படுத்தியது. நீங்கள் பிறர் தயாரித்த பொருளை விற்பவர் மட்டுமே என்றால், அச்சட்டம் உங்களுக்குக் கைகொடுக்குமா என்று உங்கள் சொலிசிட்டரிடம் கேளுங்கள். இதே காரணத்தால், பிறருக்கு இத்தகைய கடிதத்தை நீங்களே எழுதி அனுப்புவதும் கூடாது.

கட்டணம் எவ்வளவு ஆகும் என்று எந்தத் தளத்திலும் தெளிவாக இல்லையே? – வாசகர், நியூ மால்டன்

வீடு வாங்குவது, உயில் நிர்வாகம் போன்ற சில பணிகளுக்குச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே கட்டண விவரம் வெளியிட வேண்டும் என்று 2018 டிசம்பர் முதல் விதி உள்ளது. அறிவுசார் சொத்துரிமை அப்பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் அமர்த்திய பின், செலவு எவ்வளவு ஆகக்கூடும் என்பதை உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. நிலையான கட்டணம் சொன்னால், அதில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா, எதிர்த்தரப்பின் பதிலைப் படித்து மறுகடிதம் எழுதுவதும் அடங்குமா, வேலையைச் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். மணிக்கணக்கில் என்றால், இந்தத் தொகையைத் தாண்டும் முன் என் எழுத்து அனுமதி வேண்டும் என்று உச்சவரம்பு வையுங்கள்.

வழக்குவரை போவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அறிவுசார் சொத்துரிமைக்கான தனி நீதிமன்றத்தின் சிறுவழக்குப் பிரிவில் 10,000 பவுண்டு வரையிலான பதிப்புரிமை, வணிக முத்திரை வழக்குகளைத் தொடுக்கலாம். சொலிசிட்டர் இல்லாமலே நடத்த ஏற்ற இடம் அது. ஆனால் வென்றாலும் சொலிசிட்டருக்குக் கொடுத்த கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. அதே நீதிமன்றத்தின் மேல் பிரிவில் இழப்பீட்டுக்கு 5,00,000 பவுண்டு உச்சவரம்பு உண்டு. தோற்றவரிடமிருந்து பெறக்கூடிய செலவுக்கும் வரம்பு உண்டு. 3,000 பவுண்டு இழப்புக்காக 6,000 பவுண்டு செலவழிக்க முன்வருவோரை நல்ல சொலிசிட்டர் முதல் சந்திப்பிலேயே தடுத்துவிடுவார். உங்கள் வீட்டுக் காப்பீட்டிலோ வணிகக் காப்பீட்டிலோ சட்டச் செலவுக்கான பிரிவு இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருப்பதையே அறியாதவர்கள் நிறையப் பேர். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் வணிக, அறிவுசார் சொத்துரிமை மையத்தில் அடிப்படை வழிகாட்டுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முகநூல் குழுவொன்றில் என் சமையல் தொழிலைப் பற்றிப் பொய்யான குற்றச்சாட்டை ஒருவர் எழுதியிருக்கிறார். அமைதியாக யோசித்துப் பிறகு சொலிசிட்டரைத் தேடலாமென்று இருக்கிறேன். – வாசகி, இல்ஃபோர்ட்

அவதூறு வழக்கைத் தொடுக்கும் காலவரம்பு பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் என்பதால் தாமதிக்க வேண்டாம். அதோடு, 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டப்படி கடுமையான பாதிப்பைக் காட்ட வேண்டும்; இலாபத்துக்காக இயங்கும் நிறுவனமாயின் கடுமையான நிதியிழப்பைக் காட்ட வேண்டும். அந்தப் பதிவைக் கண்டபின் முன்பதிவை விலக்கிக்கொண்ட வாடிக்கையாளர்கள் அனுப்பிய செய்திகளை இன்றே சேமித்து வையுங்கள். குழுவில் சண்டையிட்டு நீங்கள் எழுதும் பதில்களும் நீதிமன்றத்தில் படிக்கப்படும்.

இணையம் வழியே அமர்த்திய சொலிசிட்டர் முன்பணம் பெற்றபின் பதிலே அளிப்பதில்லை. என்ன செய்வது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஒப்பந்தம் முழுவதும் தொலைவிலிருந்தே முடிந்து, தனிநபராக உங்கள் சொந்தத் தேவைக்கு அமர்த்தியிருந்தால், பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகும் உரிமை உண்டு. அதற்குள் வேலையைத் தொடங்கும்படி நீங்களே கேட்டிருந்தால் செய்த வேலைக்குரிய பகுதியைக் கொடுக்க நேரலாம். தொழில் தேவைக்கு அமர்த்தியவர்களுக்கு இவ்வுரிமை இல்லை.

அந்தக் காலம் கடந்துவிட்டால், ‘இது முறையான புகார்’ என்று தலைப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், அல்லது அவர்களின் இறுதிப் பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், லீகல் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்; இறுதிப் பதிலிலிருந்து ஆறு மாதமும், பொதுவாகச் சம்பவத்திலிருந்து ஓராண்டும் காலவரம்பு. தனிநபர்களுடன் மிகச்சிறு வணிகங்களும் அங்கு செல்லலாம். பணம் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதென்று ஐயம் இருந்தால் எஸ்.ஆர்.ஏ.வுக்கே நேரடியாகத் தெரிவியுங்கள். வேறு சொலிசிட்டரிடம் மாறுவதென முடிவெடுத்தால் உங்கள் கோப்பை உடனே கேளுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்கும்வரை கோப்பை நிறுத்திவைக்கும் உரிமை பழைய நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே முன்பணத்தில் எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மீதி என்ற கணக்கை அதே கடிதத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.